திண்டுக்கல் கோட்டையில் என்ன இருக்கிறது?

மதுரைக்காரர்களிடம் திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பலர் ஏறியே இருக்கமாட்டார்கள். பழனிக்கோ கோயம்புத்தூருக்கோ போகும்போது பஸ் ஜன்னல் வழியாக அந்த மொட்டைப் பாறையைப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். ஏறிவிட்டு வந்தவர்களும் “மேல ஒண்ணுமில்லப்பா, வெறும் பாறை, காத்து நல்லா வரும்” என்று முடித்துவிடுவார்கள்.

அதில் பொய் எதுவும் இல்லை. ராஜா படுத்த கட்டில், ராணி முகம் பார்த்த கண்ணாடி, சுவரில் மாட்டிய வாள் என்று எதுவும் அங்கே கிடையாது. அரண்மனை கிடையாது. கோயில் இருக்கிறது, கருவறையில் சாமி கிடையாது. மதில் இருக்கிறது, சில அறைகள் இருக்கின்றன, மழைத்தண்ணீர் தேங்கும் குளங்கள் இருக்கின்றன, மீதி எல்லாம் பாறை. திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்த அதே கண்ணோடு இங்கே வந்தால் டிக்கெட் காசு வீண் என்றுதான் தோன்றும்.

எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம் இருந்தது. மதுரைச் சரித்திரத்தை எந்தப் பக்கம் புரட்டினாலும் திண்டுக்கல் வந்து நிற்கிறது. மைசூர்க்காரன் படையெடுத்தால் திண்டுக்கல். ஐதர் அலி பெயர் வந்தால் திண்டுக்கல். கும்பினிக்காரன், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன், மதுரைச் சீமையில் முதலில் சொந்தமாகக் காலூன்றிய இடமும் திண்டுக்கல். மீனாட்சி இருப்பது மதுரையில். பணமும் தானியமும் அரண்மனையும் மதுரையில். சண்டை மட்டும் ஏன் அறுபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறைக்காக நடக்கிறது? ‘கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த இடம்’ என்று ஒரு வரியைப் போட்டுவிட்டுப் புத்தகங்கள் நகர்ந்துவிடுகின்றன. அந்த வரியின் பொருள், உச்சியில் நின்றால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. அதற்காகவே ஏறலாம் என்பதுதான் என் கட்சி.

போவதற்கு ரயிலே நல்லது. பஸ் என்றால் ஆரப்பாளையத்தில் ஏறி நான்கு வழிச் சாலையில் சீக்கிரமே போய்ச் சேரலாம்தான். ஆனால் ரயிலில் போனால் நிலம் எப்படிக் கிடக்கிறது என்பது தெரியும். சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பும் வயலும் வந்து போகும். அப்புறம் வலது பக்கம் சிறுமலை கூடவே வர ஆரம்பிக்கும். இடது பக்கம் தூரத்தில் கொடைக்கானல் மலை நீலமாக நிற்கும். கொடைக்கானல் ரோடு, அம்பாத்துரை ஸ்டேஷன்கள் வரும்போது சிறுமலை கிட்டத்திலேயே நிற்கும். தண்டவாளத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் மலைகளுக்கு நடுவில் உள்ள அந்த இடைவெளியை விட்டால் வேறு கதி கிடையாது. தூங்கிவிடாமல் இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறிய பிறகு வேலைக்கு வரும்.

நாங்கள் நால்வர் போனோம். நான், மனைவி, அம்மா, அப்புறம் திண்டுக்கல்லிலேயே குடியிருக்கும் மச்சினன். மச்சினன் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். எந்தச் சுவரைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்காமல் நகரமாட்டான். அவனோடு கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட நேரமாகும். கோட்டைக்குப் போவதற்கு அவனைவிட நல்ல துணை கிடையாது.

அம்மா மலையடிவாரத்திலேயே நின்றுவிட்டார். “மேல சாமி இல்லேங்கிறீங்க. அப்புறம் நான் எதுக்குடா ஏறணும்?” என்று கேட்டார். அவர் அழகர்கோயில் ஏறியிருக்கிறார், பழனி ஏறியிருக்கிறார், திருப்பரங்குன்றம் மலையும் ஏறியிருக்கிறார். அவர் கணக்கில் மலை என்றால் உச்சியில் ஒருவர் காத்திருக்கவேண்டும். சரி என்று கோட்டை மாரியம்மன் கோயிலில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினோம். மலைக்குக் கீழே இருக்கும் அந்த அம்மன், கோட்டையில் இருந்த படைவீரர்கள் வைத்துக் கும்பிட்டவள் என்பது ஊர் வழக்கு. மாசித் திருவிழா அங்கே பெரிய விசேஷம். ஆக, கோட்டைக்குள் இருந்த சாமி ஊருக்குள் போய்விட்டது, சிப்பாய்களின் சாமி கோட்டை வாசலிலேயே இருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னதும் அவருக்கு அந்த இடம் இன்னும் பிடித்துப்போய்விட்டது.

கோட்டை இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கீழே டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறவேண்டும். பாறையின் உயரம் 900 அடி என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் திண்டுக்கல் ஊரே கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கிறது. எங்கோ யாரோ இரண்டையும் குழப்பிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே 900 அடியைப் படித்துவிட்டுப் பயப்படவேண்டாம். நிதானமாக நடந்தால் அரைமணி நேரத்துக்குள் மேலே போய்விடலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பாறையிலேயே வெட்டிய படிகள். உயரம் குறைவு, அகலம் அதிகம். ராணி மங்கம்மாள் வெட்டிவைத்தது என்கிறார்கள். மதுரைப் பக்கத்தில் பழைய சாலை, பழைய சத்திரம், பழைய படி எதைக் கண்டாலும் மங்கம்மாள் கணக்கில் எழுதிவிடுவது நமக்குப் பழக்கம். பாதிக்கு மேல் உண்மையாகவும் இருக்கும், அந்த அம்மாள் அவ்வளவு வேலை பார்த்திருக்கிறார். வெயில் ஏறிவிட்டால் இந்தப் படிகள் அடுப்பு. செருப்பைவிட நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்வது உத்தமம், சில இடங்களில் கல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. தண்ணீரும் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

1605இல் இங்கே கோட்டை கட்டியவர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர். பெயர் சட்டென்று பிடிபடாது. திருமலை நாயக்கரின் அப்பா என்றால் பிடிபடும். ஆண்டது 1609 வரைதான், சொற்ப காலம். ஆனால் மனுஷர் சும்மா இருக்கவில்லை. ராமநாதபுரத்துச் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக நிறுத்தி, ராமேசுவரம் போகும் யாத்திரைப் பாதைக்குக் காவல் ஏற்படுத்தியதும் இவர்தான். கிழக்கே கடலுக்குப் போகும் வழிக்கு ஒரு தேவர், வடமேற்கே கொங்கு நாட்டுக்கும் மைசூருக்கும் போகும் வழிக்கு ஒரு பாறை. மகன் மகாலைக் கட்டினார், தேருக்கும் திருவிழாவுக்கும் ஏற்பாடு செய்தார், தெப்பக்குளம் வெட்டினார், பெயர் அவருக்குப் போய்விட்டது. அப்பா வாசலைப் பூட்டிவைத்த ஆள். பூட்டியவர்களை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

வாசலைத் தாண்டியதும் மச்சினன் வேலையை ஆரம்பித்துவிட்டான். “மாமா, இங்க பாருங்க. கீழ கல்லு, மேல செங்கல்லு. பாறைய செதுக்கி சமன் பண்ணவே இல்ல. அது எப்படி வளையுதோ அப்படியே செவத்த வளச்சிருக்கான்.” உண்மைதான். நாம் மனத்தில் வைத்திருக்கும் கோட்டை சதுரமானது. இங்கே மதிலுக்கு என்று தனியாக ஒரு வடிவம் இல்லை, பாறையின் வடிவம்தான் மதிலின் வடிவம். சரிவு இதமாக இருக்கும் பக்கம் சுவர் கனமாக நிற்கிறது. பாறை செங்குத்தாக இறங்கும் பக்கம் பாறையே பாதி வேலையைப் பார்த்துவிடுகிறது. எட்டிப் பார்த்தால் அடிவயிறு கலங்குகிறது. பீரங்கி வைப்பதற்காக அமைத்த இடங்களில் நின்று பார்த்தால், ஒவ்வொன்றும் எந்தச் சாலையைக் குறிவைத்தது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது வெடிமருந்துக் கிடங்கு. வெளியே கொளுத்தும் வெயிலிலிருந்து உள்ளே காலை வைத்ததும் உடம்பு குளிர்ந்துவிடும். இரட்டைச் சுவர். வெளிச்சுவர் பருமனானது. கூரையில் காற்றுக்கு வட்டமான துளைகள். மழைத்தண்ணீர் தங்கி உள்ளே கசிந்துவிடாதபடி கூரையைச் சாய்வாக வைத்திருக்கிறார்கள். ஈரம் பட்டால் மருந்து பாழ், மருந்து பாழானால் பீரங்கி வெறும் இரும்பு. ஒரு மூலையில் மட்டும் சுவர் மெல்லிய செங்கல் சுவர். ஆபத்து வந்தால் வீரர்கள் அதை உடைத்துக்கொண்டு தப்பிப்பதற்காக என்று சொல்வார்கள். மச்சினன் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

“தப்பிக்கவா? மருந்து பத்திக்கிச்சுன்னா எவன் மாமா தப்பிக்கிறது? வெடிச்சா அந்தப் பக்கமா பிச்சுக்கிட்டுப் போகட்டும், மத்த செவரு நிக்கட்டும்னு வச்சிருப்பான். குக்கர்ல வெயிட்டு வால்வு இல்லையா, அதுதான்.”

அவன் படித்தது கட்டட டிப்ளமோ, சரித்திரம் இல்லை. ஆனாலும் எனக்கு அவன் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது.

பக்கத்திலேயே வரிசையாக அறைகள். மொத்தம் 48 அறைகள் என்கிறார்கள். போரில் பிடிபட்டவர்களை அடைத்துவைத்த இடம், சமையல்கூடம், குதிரை லாயம், தளபதிகள் கூடிப் பேசும் கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் சொல்லப்படுகிறது. எல்லா அறைகளும் நாயக்கர் காலத்தவை இல்லை. ஐதர், திப்பு, ஆங்கிலேயர் என்று கை மாறமாற ஒவ்வொருவரும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இப்போது அந்தச் சுவர்களில் நிறையக் காதல் ஜோடிகளின் பெயர்கள் இருக்கின்றன. நானூறு வருஷக் கட்டடத்தில் ஆணியால் இதயம் கீறுகிறவர்களைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். மனைவி அதையெல்லாம் நின்று நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தாள். “இவங்கள்ல எத்தன பேரு கல்யாணம் பண்ணியிருப்பாங்க?” என்பது அவள் கவலை.

குளங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பாறை மேல் கிணறு தோண்ட முடியாது. மதில் எவ்வளவு பலமாக இருந்தாலும், முற்றுகை போட்டவன் கீழே வசதியாகக் கூடாரம் அடித்துக் காத்திருந்தால் உள்ளே இருப்பவன் தாகத்தில் கதவைத் திறந்துவிடுவான். அதனால் பாறையின் சரிவிலேயே மழைநீர் ஓடிவந்து சேரும்படி குளங்களை அமைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது தண்ணீர் பச்சையாகக் கிடந்தது, யாரும் குடிக்கமாட்டார்கள். ஆனாலும் இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் தண்ணீர் நிற்கிறதே.

இனி அந்த ஐந்து நிமிஷம்.

உச்சிக்கு வந்ததும் போனில் வரைபடத்தைத் திறந்து, திசையைச் சரிபார்த்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள். கிழக்கிலும் தென்கிழக்கிலும் சிறுமலை, சுவர் எழுப்பியதுமாதிரி நீளமாக நிற்கும். மேற்கே பழனி மலைத்தொடர், அதன் பின்னால்தான் கொடைக்கானல். வடக்கே கரூர்ப் பக்கம் சமவெளி. வடகிழக்கே வடமதுரை வழியாகத் திருச்சி சாலை. வடமேற்கே ஒட்டன்சத்திரம், பழனி, அதைத் தாண்டிக் கொங்கு நாடு. இப்போது தெற்கே திரும்புங்கள். சிறுமலைக்கும் பழனி மலைக்கும் நடுவே ஒரு இடைவெளி. காலையில் ரயிலில் வந்த அதே இடைவெளிதான். அதற்குள் ஒரு சாலை, ஒரு தண்டவாளம். அது நேரே போய் நிற்கும் இடம் மதுரை.

சத்தியமங்கலம் பக்கம் மலையிறங்கி மைசூரிலிருந்து வரும் படை மதுரைக்குப் போகவேண்டுமானால், குதிரையும் மாடும் பீரங்கியும் கூடாரமும் சுமந்துகொண்டு மலையேறி இறங்க முடியாது. இந்த இடைவெளிக்குள்தான் நுழையவேண்டும். நுழைவதற்கு முன்னால் இந்தப் பாறை நிற்கிறது. பாறையை விட்டுவிட்டு மதுரைக்குப் போனால், பின்னால் இருக்கும் கோட்டைக்காரன் தானிய வண்டிகளை மறித்துப் படையைப் பட்டினி போட்டுவிடுவான். ஆகவே முதலில் இதைப் பிடித்தாகவேண்டும். மதுரை வீடு என்றால் திண்டுக்கல் அதன் திண்ணை. விருந்தாளியோ திருடனோ திண்ணையைத் தாண்டாமல் உள்ளே வர முடியாது. அதனால்தான் எல்லாச் சண்டையும் திண்ணையிலேயே நடந்திருக்கிறது.

இதைப் பார்த்த பிறகு மூக்கறுப்புப் போர் கதை வேறுமாதிரிப் புரிந்தது. 1650களில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜா அனுப்பிய படை சத்தியமங்கலம் வழியாக உள்ளே வந்து, கண்ணில் பட்ட ஆண் பெண் எல்லோருடைய மூக்கையும் அறுத்து மூட்டை கட்டி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. மேலுதட்டோடு சேர்த்து அறுப்பார்களாம். திருமலை நாயக்கர் அப்போது கிழவர், நோயாளி. ரகுநாத சேதுபதி ராமநாதபுரத்திலிருந்து பெரும்படையோடு வந்துதான் மதுரை பிழைத்தது. மைசூர்ப் படை பின்வாங்கியதும் இதே திண்டுக்கல் வழியில்தான். அப்புறம் மதுரைப் படையும் மைசூர்ச் சீமைக்குள் போய் அதே மூக்கு வேலையைச் செய்துவிட்டு வந்தது. நம் ஆட்கள் பண்ணியதைச் சொல்லும்போது நாம் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வோம். பாறைக்குத் தெற்கே இருந்தவனுக்கும் மூக்கு ஒன்றுதான், வடக்கே இருந்தவனுக்கும் ஒன்றுதான்.

நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்த பிறகு பாறை மைசூர் கைக்குப் போனது. 1755இல் இந்தப் பகுதிப் பாளையக்காரர்களை அடக்குவதற்காகத் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக, அதாவது படையதிகாரமுள்ள நிர்வாகியாக, அனுப்பப்பட்டவர் ஐதர் அலி. அப்போது அவர் மைசூர்ப் படையில் ஒரு அதிகாரி, அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஆயுதச்சாலை ஒன்றை நடத்தினார். சொந்தமாகப் படையையும் பணத்தையும் சேர்த்துக்கொண்டார். சில வருஷங்களில் மைசூரே அவர் கைக்கு வந்துவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவருக்கும் திப்புவுக்கும் இருக்கும் பேரில் ஒரு பங்காவது திண்டுக்கல்லுக்குச் சேரவேண்டும். ஊருக்குள் பேகம்பூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஐதரின் குடும்பத்துப் பெண்மணி அமீருன்னிசா பேகத்தின் பெயரால் வந்த ஊர். அங்குள்ள பெரிய பள்ளிவாசலையும் பாறை மேலிருந்தே தேடிப் பார்க்கலாம்.

வேலு நாச்சியாருக்கும் இந்தப் பக்கம்தான் அடைக்கலம் கொடுத்தது. 1772இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, மகள் வெள்ளச்சியோடு சிவகங்கைச் சீமையை விட்டு வந்தவர், விருப்பாட்சிப் பாளையத்தின் ஆதரவிலும் ஐதரின் ஆதரவிலும் திண்டுக்கல் வட்டாரத்தில் எட்டு வருஷம் காத்திருந்தார். 1780இல் படை திரட்டிப் போய்ச் சிவகங்கையை மீட்டார். எட்டு வருஷம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கைக்குழந்தையை எட்டு வருஷத்துக்கு முன்னால் விட்ட ஒரு தாய்க்குக்கூட அதன் நீளம் தெரியும், ஊரையே விட்டுவிட்டு வந்தவருக்குச் சொல்லவேண்டுமா?

கும்பினிக்காரர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்கு அவ்வளவு சுவாரசியம் இல்லை. 1767இல் பிடித்தார்கள், அடுத்த வருஷமே இழந்தார்கள். 1783இல் மறுபடி பிடித்து, 1784 மங்களூர் உடன்படிக்கையில் திப்புவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1790 ஆகஸ்டில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் வந்த படை ஏறித் தாக்கியபோது உள்ளே இருந்தவர்கள் அதை முறியடித்துவிட்டார்கள். ஆனால் அடுத்த நாளே கோட்டை பணிந்துவிட்டது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் நிரந்தரமாக அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு மைசூரிலிருந்து யாரும் வரவேண்டியிருக்கவில்லை, 1799இல் மைசூரும் விழுந்துவிட்டது. காவல் காப்பதற்கு எதிரி இல்லாமல் போனதும் பாறைக்கும் வேலை இல்லாமல் போனது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கோட்டையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதுரைக்கும் கோட்டை இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பாண்டியர் கோட்டையை எடுத்துவிட்டு, இரட்டை மதிலும் அகழியும் 72 கொத்தளங்களுமாகப் பெரிய கோட்டை கட்டினார். தளவாய் அரியநாத முதலியார் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பாளையக்காரருக்கும் ஒரு கொத்தளத்தின் காவலைக் கொடுத்தார். திண்டுக்கல் உச்சியிலிருந்து மேற்கே மலையடிவாரத்தில் தெரிகிறதே கன்னிவாடி, அதன் பாளையக்காரரும், அதற்கும் அப்பால் இருக்கும் விருப்பாட்சிப் பாளையக்காரரும் அந்த 72 பேரில் உண்டு. மதுரை மதிலைக் காத்த கைகள் இந்த மலையோரத்து ஊர்களிலிருந்தும் வந்திருக்கின்றன.

அந்தக் கோட்டை இப்போது எங்கே? 1830களின் கடைசியில் கலெக்டர் பிளாக்பர்ன் மதில்களை இடிக்க ஏற்பாடு செய்தார். ஊர் உள்ளே நெரிந்துகொண்டிருந்தது, அகழி சாக்கடையாகி நோயைப் பரப்பிக்கொண்டிருந்தது. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடத்தையே கொடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். ஜனங்கள் மளமளவென்று இடித்துவிட்டார்கள். அப்படி வந்தவைதான் வெளி வீதிகளும், மாரட் வீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதிகளும். பிளாக்பர்னுக்கு நன்றி சொல்லி நட்டதுதான் விளக்குத்தூண். மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசல் என்கிற பழைய கோட்டை வாசலும், மேற்கு வெளி வீதியில் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மதிலும் மிச்சம்.

சரித்திர ஆர்வலர்கள் பலர் பிளாக்பர்னைத் திட்டுவார்கள். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. ஊருக்கு மூச்சு முட்டினால் மதில் போகத்தான் வேண்டும், மதிலுக்காக மனிதர்கள் காலராவில் சாக முடியாது. திண்டுக்கல் கோட்டை பிழைத்ததும் யாரோ அதை மதித்துக் காப்பாற்றியதால் இல்லை. மொட்டைப் பாறை மேல் யாருக்கும் வீடு கட்ட ஆசை வரவில்லை. கடை போட முடியாது, வண்டி ஏறாது, குடிக்கத் தண்ணீர் இல்லை. இதே கோட்டை சமதரையில் இருந்திருந்தால் இன்று அதன் மேல் ஒரு ஜவுளிக்கடை நின்றிருக்கும்.

உச்சியில் இருக்கும் கோயிலைக் கடைசியாகப் பார்த்தோம். கல் மண்டபம், வேலைப்பாடுள்ள தூண்கள். தூண்களைத் தடவிக்கொண்டே உள்ளே போனால் கருவறை காலியாக இருக்கிறது. இங்கிருந்த அபிராமி அம்மனும் பத்மகிரீசுவரரும் ஊருக்குள் இருக்கும் அபிராமி அம்மன் கோயிலில் இருக்கிறார்கள். திப்பு காலத்தில் கீழே கொண்டுபோனார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. கோட்டையில் படை இருக்கும்போது கும்பிட வருகிறவர்கள் தினமும் ஏறி இறங்கினால் ஒற்றன் யார், பக்தன் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. அதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. இப்போது இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசுகிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி ஜனங்கள் கிரிவலம் வருகிறார்கள். உச்சியில் சாமி இல்லை என்பது அவர்களுக்கு ஒரு தடையாகத் தெரியவில்லை.

திருச்சி மலைக்கோட்டையைப் பார்த்தவர்கள் இரண்டையும் ஒப்பிடுவார்கள். திருச்சியில் உச்சிப்பிள்ளையாருக்காக ஏறுகிறோம், கோட்டை என்பது பேரளவில் இருக்கிறது. இங்கே பிள்ளையாருக்கு வேலை இல்லை, கோட்டை கோட்டையாகவே இருக்கிறது. என் ஓட்டு திண்டுக்கல்லுக்கு. திருச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

போவதென்றால் ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு, கார்த்திகையிலிருந்து தை வரைக்குள் போங்கள். காற்று தெளிவாக இருக்கும், மேற்கே மலையின் மடிப்புகள்கூடத் தெரியும். சித்திரை வெயிலில் பாறை மேல் ஏறினால் காட்சியும் தெரியாது, வீடு திரும்பவும் தெம்பிருக்காது. காலையில் திறந்ததுமே ஏறிவிடுவது நல்லது. மழை பெய்துகொண்டிருந்தால் வேண்டாம், அந்த வழுக்குப் பாறையோடு விளையாடக் கூடாது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் மதில் ஓரத்தில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய பிறகு நேரம் இருந்தால் ஊருக்குள் கோபாலசமுத்திரக் கரைக்குப் போய்வாருங்கள். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த விருப்பாட்சி கோபால நாயக்கர், பிறகு தென்னாட்டுப் பாளையக்காரர்களையும் கொங்குப் பக்கத்து ஆட்களையும் சேர்த்துக் கும்பினிக்கு எதிராகக் கூட்டணி கட்டினார். 1801இல் பிடிபட்டார். திண்டுக்கல்லில் அந்தக் குளக்கரையில்தான் தூக்கிலிட்டார்கள். வண்டிகளும் ஆட்டோக்களும் போய்க்கொண்டே இருக்கும் இடம், நின்று பார்ப்பவர்கள் குறைவு. விருப்பாட்சியிலேயே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி சாலையில் போகவேண்டும். நாங்கள் அன்று போகவில்லை.

அம்மா பொறுமை இழந்திருந்தார். “என்னடா பாத்தீங்க இவ்வளவு நேரம்?” என்றார். மதுரைக்குப் போகும் வழியைப் பார்த்தோம் என்றேன். “அதான் ரயில்ல வந்தோமே” என்றார். மச்சினன் சிரித்த சிரிப்பில் கோயில் வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார்.

பிரியாணி எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று கேட்டுத் தனியாகச் செய்தி அனுப்பவேண்டாம். அது எனக்குத் தெரியாது. அன்று செவ்வாய்க்கிழமை, அம்மா கவிச்சி தொடமாட்டார், அவர் இருக்கும் மேஜையில் மற்றவர்களுக்கும் அதே சட்டம். நால்வரும் சாம்பார், ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வாக்கில் ஸ்டேஷனுக்கு வந்துசேர்ந்தோம். கூட்டு நன்றாக இருந்தது.